தட்டில் குறைந்துகொண்டே வந்த திருநீறு

மந்தைவெளி,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள சரணுக்கு அம்மா எழுதுவது.

இங்கே அப்பா, நான், தமிழ்மொழி மூவரும், வயிற்றில் இருப்பதையும் சேர்த்தால் நால்வரும் நலமாக இருக்கிறோம். உன் முகத்தைத் தினமும் போனில் பார்த்துவிடுகிறேன், என்றாலும் எழுதும்போது கேட்காமல் இருக்க முடியவில்லை, உடம்பைப் பார்த்துக்கொள்கிறாயா? கொலம்பஸில் குளிர் ஆரம்பித்திருக்கும், காதை மூடிக்கொண்டு வெளியே போ. நலமாக இருக்கிறோம் என்று எழுதியதை வழக்கத்துக்கு எழுதியதாக எடுத்துக்கொள்ளாதே. போன மாதம் அப்படி எழுதியிருந்தால் அது பொய். இப்போது ஏறக்குறைய உண்மை. இடையில் நடந்ததைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். தமிழ்மொழிக்கு ரத்தத்தில் இரும்புச்சத்து மிகவும் குறைந்துபோய், ஆஸ்பத்திரியில் உட்காரவைத்து இரண்டு முறை டிரிப்ஸ் ஏற்ற வேண்டியிருந்தது. இப்போது ரத்தம் ஏறி வருகிறது. குழந்தை கொஞ்சம் சின்னதாக இருக்கிறது, ஆனால் துடிப்பு, அசைவு எல்லாம் சரியாக இருக்கிறது என்று போன வாரம் ஸ்கேன் பார்த்துச் சொன்னார்கள். இதை முதலில் தெரிந்துகொண்டு பிறகு மற்றதைப் படி.

போனில் ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். தமிழ்மொழிதான் எழுதச் சொன்னாள். "நான் சொன்னா அவரு மூஞ்சி ஒரு மாதிரி ஆயிடும் அத்தை, அத நான் பாத்துக்கினு உக்காந்திருக்கணும், நீங்களே எழுதிடுங்க" என்றாள். வாட்ஸ்அப்பில் எழுதினால் படித்த கையோடு கூப்பிடுவாய், பாதி படித்திருப்பாய். அதனால் காகிதம். நிரஞ்சனின் அம்மா வியாழக்கிழமை கிளம்பி மகனோடு இரண்டு மாதம் இருக்க உங்கள் ஊருக்கே வருகிறாள், அசோக் நகர் போய் அவள் கையில் கொடுக்கப்போகிறேன். "கவர்தானேக்கா, குடுங்க, ஊறுகாய் பாட்டில்னா மட்டும் என்ன விட்டுடுங்க, பெட்டி ஏற்கெனவே வெயிட் தாண்டிடுச்சு" என்றாள். நன்றாகப் பசை போட்டு ஒட்டித்தான் கொடுப்பேன். அவள் நல்லவள்தான், ஆனால் அவ்வளவு நீளமான விமானப் பயணத்தில் யாருக்கும் பொழுது போகாது.

நீ ஜூனில் கிளம்பும்போது தமிழ்மொழிக்கு மூன்றாம் மாதம். விசா இன்டர்வியூவைத் தள்ளித் தள்ளிப் போட்டார்கள், அவள் இங்கேயே தங்கிவிட்டாள். பெரும்பாக்கத்தில் அவள் அம்மா சுலோச்சனா வீட்டுக்குப் போயிருக்கலாம், ஆனால் அங்கிருந்து ஆஸ்பத்திரிக்கு வர ஒரு காலை முழுவதும் போய்விடும், அதனால் நம் வீடே சரி என்று சுலோச்சனாவும் ஒத்துக்கொண்டாள். லஸ் பக்கத்து ஆஸ்பத்திரியில் டாக்டர் ஸ்ரீலக்ஷ்மி இரும்பு மாத்திரையும் கால்சியமும் எழுதிக் கொடுத்திருந்தாள். இரும்பு மாத்திரை அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. குமட்டல், மலச்சிக்கல், போனால் கறுப்பாகப் போகிறது என்று பயம். சுலோச்சனா ஒருநாள் வந்தவள் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இன்னாடி இது, மாத்திரயே கருப்பா கீது, இதத் துன்னா புள்ளயும் கருப்பாத்தான் பொறக்கும், நான் மூணு பெத்தேன், ஒரு மாத்திர துன்னதில்ல" என்றாள். அதற்குத் தமிழ்மொழி, "நீ துன்னாமயே நான் இந்தக் கலர்ல பொறந்து கீறேனே, அதுக்கு இன்னா சொல்ற" என்றாள். நான் அடுப்படியில் நின்று சிரித்தேன். ஆனால் அம்மா சொன்னது அவள் மனதில் எங்கேயோ தங்கியிருக்க வேண்டும், மாத்திரை அட்டை அதற்கப்புறம் மெதுவாகத்தான் காலியானது.

அந்தச் சமயத்தில்தான் நீ அங்கிருந்து அனுப்பிய சத்து மாத்திரை பாட்டில்கள் வந்தன. அவள் குமட்டல் என்று சொன்னதும் நீ எத்தனை பேரிடம் விசாரித்து, எத்தனை பேர் எழுதிய அபிப்பிராயங்களைப் படித்து அதை வாங்கினாய் என்று எனக்குத் தெரியும். கர்ப்பிணிகளுக்கான முழுமையான சத்து என்று மேலே பெரிதாக எழுதியிருந்தது. ஆரஞ்சு வாசனை, வாயில் போட்டால் ஜெல்லி மிட்டாய். அப்பா வழக்கம்போல் பாட்டிலைச் சாமி முன்னால் வைத்துச் சந்தனம் குங்குமம் இட்டுவிட்டுத்தான் அவளிடம் கொடுத்தார். பழைய மாத்திரையை நிறுத்து என்று யாரும் சொல்லவில்லை. நீயும் சொல்லவில்லை. அதுவாக நின்றது. அதே மாத்திரையைத்தான் அமெரிக்காவில் சாப்பிடுவதற்குச் சுலபமாகச் செய்திருக்கிறார்கள் என்று நாங்கள் எல்லோரும் நினைத்துக்கொண்டோம், யாரும் வாய்விட்டுச் சொல்லக்கூட இல்லை. ஆஸ்பத்திரியில் நர்ஸ் ஒவ்வொரு முறையும் மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறீர்களா என்று கேட்பாள், ஒருநாள் விடாமல் என்று தமிழ்மொழி சொல்வாள், பக்கத்தில் நின்று நானும் தலையாட்டுவேன். அவள் மனதிலும் அது பொய் இல்லை, என் மனதிலும் இல்லை. நான் வேதியியல் படித்தவள், பருப்பு பாக்கெட் வாங்கினால்கூடப் பின்பக்கம் படிப்பேன். மகன் அனுப்பியதைத் திருப்பிப் பார்ப்பது அவனைச் சோதிப்பது போல் எனக்குத் தோன்றியதோ என்னவோ. இதைக் குற்றமாகச் சொல்லவில்லை, யோசித்துப் பார்த்ததில் தெரிந்ததைச் சொல்கிறேன்.

இதற்கு நடுவில் வீட்டில் ஒரு வேடிக்கை. சாமி அலமாரித் தட்டில் இருக்கும் திருநீறு சீக்கிரம் சீக்கிரம் குறைந்தது. அப்பாதான் முதலில் கவனித்தார். "பாத்தியா? நான் ஒருத்தன் பூசி இவ்வளவு ஆகாது. சேரன் பொண்ணு பூச ஆரம்பிச்சுட்டா" என்று என்னிடம் ரகசியமாகச் சொன்னார். உங்கள் கல்யாணத்தில் உன் மாமனார் சேரன் ஐயரே வேண்டாம் என்று நின்றது இன்னும் அப்பாவுக்கு ஆறவில்லை, உனக்குத் தெரியும். அன்றைக்கே தெற்கு மாட வீதிக்குப் போய் சுத்தமான பசுஞ்சாணத் திருநீறு என்று விசாரித்துப் பெரிய பாக்கெட்டாக வாங்கிவந்து தட்டை நிரப்பி வைத்தார். அதோடு விட்டாரா, சேரனுக்குப் போன் போட்டு, "சம்பந்தி, உங்க பொண்ணு எங்க கட்சிக்கு வந்துட்டா" என்றார்.  அதற்கு அவர், "வரட்டும் சார், இன்னா இப்ப? ஆனா நேத்துகூட வீடியோவுல பேசினேன், நெத்தி காலியாத்தான் இருந்திச்சு" என்றாராம். அப்பா அதை ஒரு தோல்வியாகவே எடுத்துக்கொள்ளவில்லை, அவள் அடக்கமான பக்தை என்று சொல்லிவிட்டார். நெற்றியில் திருநீறு இல்லை என்பதை நானும்தான் பார்த்தேன், முகம் கழுவியிருப்பாள் என்று நினைத்தேன். இரண்டு மாடி ஏறும்போது நடுவில் நின்று கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அவள் மூச்சு வாங்குவதையும் பார்த்தேன், வயிறு பெரிதாகிறது என்று நினைத்தேன். அவள் உதடு வெளுத்திருப்பதை நான் வெயிலில் பார்க்கவே இல்லை, மழைக்காலத்துக்கு முன்பே ஜன்னலை மூட ஆரம்பித்துவிட்டோம், மெட்ரோ தோண்டுகிற புழுதிக்காக.

ஏழாம் மாதம் எடுத்த ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் எட்டுக்கும் கீழே வந்திருந்தது. டாக்டர் இரண்டு முறை பார்த்தாள். "ரெகுலரா சாப்பிட்டா இப்படி இறங்காதும்மா. வீட்ல என்னென்ன சாப்பிடறீங்களோ அத்தனையும் ஒரு பையில போட்டு நாளைக்கு எடுத்துட்டு வாங்க" என்றாள். எடுத்துக்கொண்டு போனோம். குங்குமப் பொட்டோடு இருந்த பாட்டிலைக் கையில் எடுத்து, கண்ணாடி போட்டுப் பின்பக்கம் படித்தாள். "எல்லாம் இருக்கு, இரும்பு மட்டும் இல்ல. இந்த மாதிரி ஜெல்லியில அதப் போட்டா டேஸ்ட் வாயில வைக்க முடியாது, அதனால நிறைய பேர் போடறதே இல்ல" என்றாள். குரலில் கோபம் இல்லை, தினம் பார்க்கிற விஷயம் போல் இருந்தது. அப்புறம் தமிழ்மொழியிடம், "மண்ணு, சாம்பல், பச்சரிசி, ஐஸ், இப்படி ஏதாவது சாப்பிடணும்னு தோணுதா?" என்று கேட்டாள். தமிழ்மொழி என்னைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்துத் திருநீறு என்றாள். "பூசறதா?" என்று டாக்டர் கேட்க, "இல்ல டாக்டர், துன்றது" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அடக்க முடியவில்லை. அவள் கண் நிறைந்ததைப் பார்த்த பிறகுதான் நிறுத்தினேன். இரும்புச்சத்து ரொம்பக் குறைந்தால் சிலருக்கு இப்படி ஒரு ஆசை வருமாம், அதுவே ஒரு அறிகுறியாம். ஆட்டோவில் திரும்பி வரும்போது, "அந்த வாசன வந்தா நிறுத்த முடியல அத்தை. ஒரு நாள் சொல்லிடலாம்னு வந்தேன், அன்னிக்குன்னு பாத்து மாமா பெரிய பாக்கெட்டா வாங்கியாந்து நிக்கிறாரு, மூஞ்சியெல்லாம் சிரிப்பு. எப்டி சொல்றது?" என்றாள். அப்பாவிடம் நான்தான் சொன்னேன்.  பக்தி என்று நினைத்தேன் என்று மட்டும் அவர் சொன்னார். பாக்கெட்டைப் பரணில் ஏற்றிவிட்டு, தட்டில் தனக்கு வேண்டிய ஒரு சிட்டிகையை மட்டும் வைத்துக்கொண்டார். சேரனுக்கு இதைச் சொல்ல வேண்டாம் என்று என்னிடம் கேட்டுக்கொண்டார், ஆனால் சுலோச்சனா வாயில் எது நிற்கும்? மறுநாளே சேரன் கூப்பிட்டு, "வுடுங்க சார், சாம்பல்தானே, நான் சின்ன வயசுல செங்கல்லே துன்னவன்" என்று சமாதானம் சொன்னார். அவர்கள் இருவரும் இவ்வளவு நேரம் பேசியதை நான் கல்யாணத்துக்கு அப்புறம் இப்போதுதான் பார்க்கிறேன்.

இனி எழுதப்போவதுதான் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. முதல் டிரிப்ஸ் போட்ட அன்று, இடது கையில் மருந்து ஏறிக்கொண்டிருக்கும்போது நீ வீடியோவில் கூப்பிட்டாய். அவள் என்னைப் பார்த்துச் சொல்ல வேண்டாம் என்று தலையசைத்தாள். தலையணையை உயர்த்திவைத்து, முகம் மட்டும் தெரிகிற மாதிரி போனைச் சாய்த்துவைத்தாள். எங்கே இருக்கிறாய் என்று நீ கேட்டாய், செக்கப்புக்கு வந்தோம், கூட்டமாக இருக்கிறது என்றாள். இன்றைக்குச் சாப்பிட்டாயா என்று கேட்டாய். வலது கையால் கைப்பையைத் திறந்து அந்த ஜெல்லியை எடுத்துக் காட்டி வாயில் போட்டாள். நீ கைதட்டிச் சிரித்தாய். எதிரே நாற்காலியில் நான் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நீ போனை வைத்ததும் தண்ணீர் கேட்டாள், குடித்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் அன்று முழுவதும் அதைப் பற்றித்தான் யோசித்தேன். இந்த வீட்டில் அப்பா சந்தோஷமாக இருக்க வேண்டும், நீ சந்தோஷமாக இருக்க வேண்டும், ஒருவேளை நானும், என்று அந்தப் பெண் எல்லோருக்காகவும் எதையாவது வாயில் போட்டுக்கொண்டே இருக்கிறாள். அவ்வளவு தூரத்தில் இருக்கிற நீ உன்னால் முடிந்ததைச் செய்தாய், அவளும் உனக்காக அவளால் முடிந்ததைச் செய்தாள். இருவருக்கும் நடுவில் இரும்பு மட்டும் போய்ச் சேரவில்லை.

ஆகவே சரண், சில விஷயங்கள் சொல்கிறேன். ஜெல்லி சாப்பிட்டாயா என்று இனிமேல் கேட்காதே. பாட்டிலை நிறுத்தியாகிவிட்டது, டாக்டர் வேறு மாத்திரை கொடுத்திருக்கிறாள், அதை எலுமிச்சை ஜூஸோடு சாப்பிடுகிறாள், அதற்கு முன்னும் பின்னும் காபி கூடாது என்று சொன்னதால் அப்பா தன் காபியைப் பால்கனிக்கு எடுத்துக்கொண்டு போய்விடுகிறார், வாசனை வந்தால் அவளுக்கும் ஆசை வருமாம். முட்டையும் கறியும் சாப்பிட்டால் நல்லது, ஈரல் மட்டும் அடிக்கடி வேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறாள். நம் வீட்டு அடுப்பில் அது நடக்காது, ஆனால் சுலோச்சனா டிபன் பாக்ஸில் கொண்டுவருகிறாள், சுவரொட்டி என்கிறாள், ஆட்டு மண்ணீரலாம். சமையலறையிலேயே உட்கார்ந்து சாப்பிடச் சொல்லிவிட்டேன். சரியாக அந்த நேரத்துக்கு அப்பாவுக்கு மொட்டை மாடியில் ஏதாவது வேலை வந்துவிடுகிறது. குழந்தைக்கு என்று நீ எடுத்துவைத்திருக்கும் சொட்டு மருந்துகளையும் அனுப்பாதே. தாய்க்கு இரும்பு குறைவாக இருந்தால் குழந்தையின் சேமிப்பும் குறைவாகத்தான் இருக்குமாம், அதனால் பிறந்ததும் தொப்புள்கொடியை உடனே வெட்டாமல் கொஞ்சம் பொறுத்து வெட்டுவோம், கொடியில் இருக்கிற ரத்தம் குழந்தைக்குப் போய்ச்சேரும் என்று டாக்டர் சொன்னாள். அதற்கப்புறம் தாய்ப்பால், தினம் வைட்டமின் டி சொட்டு, இரும்புச் சொட்டு எப்போது என்று எடையைப் பார்த்து அவளே சொல்வாள். தேன் கூடாது, உரை மருந்து கூடாது, கிரைப் வாட்டர் கூடாது. சுலோச்சனா ஜாதிக்காயும் வசம்பும் உரைக்கிற கல்லும் வாங்கித் தயாராக வைத்திருந்தாள், "அப்ப இத்த இன்னா பண்றது, நான் துன்னட்டா?" என்று கேட்டாள். தமிழ்மொழி, "இந்த வீட்ல துன்றதுக்கு நான் ஒருத்தி போதும்மா" என்றாள். அவள் திரும்ப இப்படிப் பேச ஆரம்பித்ததில்தான் உடம்பு தேறுகிறது என்று எனக்கு நம்பிக்கை வந்தது.

இதைப் படித்துவிட்டு நீ மன்னிப்புக் கேட்டு உருகாதே. உருகினால் அவள்தான் உன்னைத் தேற்ற வேண்டியிருக்கும், அதற்கும் அவளுக்குச் சக்தி வேண்டும். உன் மீது அவளுக்குக் கோபம் எதுவும் இல்லை, எனக்கும் இல்லை. ஆனால் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது, அதை இங்கிருந்து என்னால் செய்ய முடியவில்லை. தேதி டிசம்பர் கடைசியில். அதற்குள் ரத்தம் முழுவதும் ஏறிவிடும் என்று டாக்டர் உறுதி சொல்லவில்லை. பிரசவத்தில் மற்றவர்களுக்குப் போவது போல ரத்தம் போனால்கூட இவளுக்கு அது அதிகம். அவளுடையது பி நெகட்டிவ். நெகட்டிவ் வகைக்காரர்களுக்குக் கர்ப்பத்தில் போட வேண்டிய ஊசியைப் போட்டாயிற்று, ஆனால் அந்த வகை ரத்தம் ரத்த வங்கியில் எப்போதும் இருப்பதில்லை, கொடுக்கிறவர்கள் இருவரைப் பேசி வைத்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொல்லியிருக்கிறாள். அப்பா, நான், சேரன், சுலோச்சனா, எங்கள் நால்வரில் யாருடையதும் சேரவில்லை. என் ஆபீஸில் ஸ்ரீகிருஷ்ணா என்று ஒரு பையன், அவன் சரி என்று சொல்லிவிட்டான். இன்னொருவர் கிடைக்கவில்லை. குடியிருப்பு முழுவதும் கேட்டுவிட்டேன், மேற்கு மாம்பலத்தில் அத்தை வீட்டுப் பக்கமும் கேட்டாயிற்று.

உன்னோடு படித்த ஃபைசானுக்கு இந்த வகைதான். கல்லூரியில் ஒரு தடவை மேட்ச் நடுவில் அவனை ரத்தம் கொடுக்கக் கூப்பிட்டுக்கொண்டு போய்விட்டார்கள், அதனால்தான் தோற்றோம் என்று நீ வந்து சத்தம் போட்டாய். உன் கல்யாண வரவேற்பில் உங்களுக்குள் என்னவோ நடந்தது, அதற்கப்புறம் அவன் இந்தப் படி ஏறவில்லை. என்ன என்று அப்போதும் கேட்கவில்லை, இப்போதும் கேட்கவில்லை. போன வாரம் லஸ் கார்னரில் மழைக்கு ஒதுங்கி நிற்கும்போது அவனைப் பார்த்தேன். எப்படி இருக்கீங்கம்மா என்று கேட்டு என் பையை வாங்கிக்கொண்டு பஸ் வரும்வரை நின்றான், உன்னைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அப்போதே கேட்டுவிடலாம் என்று நாக்கு நுனி வரை வந்தது. கேட்டிருந்தால் மறுத்திருக்க மாட்டான், எனக்காக ஒத்துக்கொண்டிருப்பான். ஆனால் வலி எந்த நேரத்தில் வரும் என்று தெரியாது, என் மீதுள்ள மரியாதைக்காகச் சரி சொன்னவனாக அவன் இருக்கக் கூடாது, அந்த மாதம் முழுவதும் போனைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு இருக்கிறவனாக இருக்க வேண்டும். அது நீ கேட்டால்தான் நடக்கும். யார் மீது தப்பு என்று தீர்த்துக்கொண்டு பிறகு கேட்கலாம் என்று நினைக்காதே, அதற்கு நேரம் இல்லை. கடையில் பாட்டில் எடுப்பது போல் இது சுலபம் இல்லை என்று எனக்குத் தெரியும்.

இன்னும் என்ன எழுத. மழை விட்டுவிட்டுப் பெய்கிறது, மெட்ரோ பள்ளத்தில் தண்ணீர் நிற்கிறது, ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியை அப்பா மூன்று விதமாகப் போய்ப் பார்த்து வைத்திருக்கிறார். நீயும் அவளும் குழந்தையும் நோயில்லாமல், ஒருவரிடம் ஒருவர் எதையும் மறைக்க வேண்டிய தேவையில்லாமல் நெடுங்காலம் வாழ வேண்டும், கபாலி துணை இருக்கட்டும். இந்தக் கடிதத்தை மடித்து வைத்ததும் முதலில் ஃபைசானைக் கூப்பிடு. அவனோடு பேசி முடித்த பிறகு தமிழ்மொழியைக் கூப்பிடு. இந்த வரிசையை மட்டும் மாற்றாதே.

ஆசிகளுடன்,
அம்மா